மிதவைக்கு ஓர் ஓட்டுச்சில்லு

பெரிய யுத்தம் முடிந்திருந்தது. ரயில் இன்னும் பதுளைவரை வந்துசேரவில்லை. நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டு, கடைவீதியில் ஒரு பொற்கொல்லர் கடையின் மாடியறையில் குடியிருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து அடங்கியதும் பின்முற்றத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் இருமத் தொடங்கும். நாலைந்து முறை இருமிவிட்டுச் சீராகும். பிறகு பசறை வீதியில் ஏறித் தேய்ந்து மறையும். எனக்கு அதுதான் கடிகாரம்.

அந்த வண்டி பின்முற்றத்துக்கு அப்பால் சிறு வீட்டில் இருந்த தோட்டத்து டிஸ்பென்சருடையது. பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்துச் சாலை அவர் பொறுப்பில் இருந்தது. யுத்தத்துக்குப் போன ஒரு துரை கொட்டகையில் விட்டுச்சென்ற வண்டி அது. துரை திரும்பி வரவில்லை. எஞ்சினையும் பின்சக்கரத்தையும் ஒரு தோல் வார் இணைத்திருந்தது. மழையில் வார் நழுவும், ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் கடவுளைக் கும்பிட வேண்டும். அந்த மாதிரி வண்டி செய்வதை அதன் கம்பெனி அப்போதே நிறுத்திவிட்டிருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சர் தோட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது வழக்கம். மருந்துச் சாலைக்குப் பக்கத்தில் அதற்கென்று குவாட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது. இவர் பதுளையில் இருந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி. அவர் பதுளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கடைவீதி முழுவதும் அவரை டீச்சரம்மா என்றே அழைத்தது. தோட்டத்தில் இருந்த பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஒரு வாத்தியாருக்கே சரியான வேலை கிடையாது. குடும்பம் தோட்டத்துக்குப் போனால் டீச்சரம்மாவின் வேலை அன்றோடு முடிந்துவிடும். இதைத் தோட்டத்தின் இப்போதைய துரையிடம் சொல்லி டிஸ்பென்சர் ஓர் அனுமதி வாங்கியிருந்தார். காலைப் பெரட்டில், அதாவது தொழிலாளரை அணிவகுத்து வேலைக்கு அனுப்பும் நேரத்தில், அவர் நோயாளிகளைப் பார்க்கக் களத்தில் நிற்க வேண்டும். நின்றால், இரவில் எங்கே தூங்குகிறார் என்று துரை கேட்கமாட்டார். அந்த அனுமதி முழுவதும் அந்தப் பழைய வண்டியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை திரும்பும் வழியில், மழை அரித்த ஒரு வளைவில் வண்டி சரிந்தது. டிஸ்பென்சருக்கு முழங்கையில் சிராய்ப்பும் கோட்டில் ஒரு கிழிசலும். வண்டியோ பாலத்துச் சுவரில் பக்கவாட்டாக மோதிவிட்டது. மரக்கறி ஏற்றிவந்த ஒரு மாட்டுவண்டியில், கோவா என்னும் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே படுத்தபடி அது ஊர் வந்து சேர்ந்தது.

அடிபட்ட இடம் கார்புரேட்டர். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் உறுப்பு அது. அதில் ஒரு சிறு பித்தளைச் சாடி. சாடிக்குள் தீப்பெட்டி உயரத்தில் ஒரு வெற்றுப் பித்தளை மிதவை. பெட்ரோல் நிரம்ப நிரம்ப மிதவை எழும்பும். அளவான உயரம் வந்ததும் ஓர் ஊசி பெட்ரோலின் வழியை அடைத்துவிடும். மிதவை எழும்பாவிட்டால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும், எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். மோதிய வேகத்தில் சாடி நெளிந்திருந்தது. மிதவையின் ஒரு பக்கம் குழிவிழுந்து, அடிமூடியின் ஓரம் விட்டுப்போயிருந்தது.

டிஸ்பென்சர் மிதவையை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, என் அறைக்குக் கீழே இருந்த பொற்கொல்லர் ஆசாரியின் கடைக்கு வந்தார். நான் அப்போது கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்கய்யா, பொன்னா?" என்றார் ஆசாரி.

"பித்தளைதான். ஆனா இன்னைக்கு எனக்குப் பொன்னவிடப் பெரிசு."

ஆசாரியின் மனைவி அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் சலசலத்தது. ஓரத்து விரிசல் வழியாக அதைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றி, ஊதி, துணியில் துடைத்து, விளக்குச் சூட்டுக்குத் தள்ளி வைத்து உலர்த்தினார். பிறகு எந்தப் பேச்சும் இல்லாமல் தராசை எடுத்தார்.

அந்தக் கடையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நகை பழுதுபார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். கடைக்காரரின் எடைக்கல்லை அவர்கள் நம்புவதில்லை. எழுதிக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. அதனால் ஆசாரியின் மனைவி உடைந்த கூரையோட்டில் ஒரு சில்லை எடுத்து, நகையை ஒரு தட்டிலும் சில்லை மறு தட்டிலும் வைத்து, முள் நேராக நிற்கும்வரை சில்லைக் கல்லில் உரசுவார். பிறகு சில்லை நகைக்காரியிடம் கொடுத்துவிடுவார். நகை கடையில் இருக்கும், சில்லு அவள் முந்தானை முடிச்சில் இருக்கும். திரும்ப வாங்கும் நாளில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பார்கள். பற்றவைத்ததில் எடை கூடியிருந்தால், எவ்வளவு என்று சில்லோடு மஞ்சாடி விதைகளை வைத்துக் காட்டுவார். நகைக்காரி சரி என்று தலையாட்டியதும், சில்லை வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. அது இன்னொரு நகைக்குச் சாட்சி சொல்லக்கூடாது. இத்தனை நேர்த்தியான பற்றுச்சீட்டை நான் எந்த வங்கியிலும் கண்டதில்லை.

கையில் வந்த பொருளை நிறுக்காமல் வைக்க அந்த அம்மாளுக்குத் தெரியாது. மிதவைக்கும் ஒரு சில்லை உரசி டிஸ்பென்சரிடம் நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் ஆசாரி மிதவையின் ஓரத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டார். "ஐயா, இது ஈயம் வச்சு ஒட்டினது. திரும்பவும் ஈயம்தான் பிடிக்கும். ஈயம் என் பட்டறைக்குள்ள வராதுங்க."

"ஒரு பொட்டுத்தானே?"

"ஒரு பொட்டு போதும். பொன்னோட கலந்துச்சுன்னா பொன்னு அப்பளமா நொறுங்கும். நாளைக்கு எவ தாலி நொறுங்குனாலும் என் தலைதான் உருளும். வேற ஆளப் பாருங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பொன் வேலை செய்யும் எவரும் அதையே சொல்வார்.

மறுநாள் டிஸ்பென்சர் வேறொரு சட்டையில், ஒரு மாட்டுவண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரட்டு கலைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. துரை சத்தம் போடவில்லை. திங்கட்கிழமைப் பெரட்டுக்கு நேரத்தோடு வராவிட்டால் குவாட்டர்ஸ் சாவியை அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னார். கொழும்புக்கு எழுதிப் புது மிதவை வரவழைக்க வாரக்கணக்காகும், அதுவும் கிடைத்தால்தான்.

டிஸ்பென்சர் மிதவையை எடுத்துக்கொண்டு நேரே தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே எஞ்சினைக் கவனித்தவர் ஒரு முஸ்லிம், கனத்த தோள்காரர், இரு முன்கைகளிலும் ஆவி சுட்ட தழும்புகள். எல்லோருக்கும் அவர் எஞ்சின் நானா, அதாவது எஞ்சின் அண்ணன். மிதவையைப் பார்த்ததும் பற்றவைத்துக் கொடுத்தார். அது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை தன் கருவிப் பையோடு அவரே பதுளைக்கு இறங்கி வந்தார்.

அன்று காலை முற்றத்தில் வண்டியைச் சுற்றி நாங்கள் நின்றோம். நானா சாடியின் நெளிவை எடுத்துவிட்டு, மிதவையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அடிமூடியைச் சுற்றி மோதிரம் மாட்டியதுபோல் ஈயம் தடித்திருந்தது.

"பாருங்க ஐயா. நம்ம கொதிகலன் குழாய்க்குப் போடுற ஈயப்பத்து இது. மலை சரிஞ்சாலும் இது விடாது."

உண்மையில் அது விடவில்லை. ஆனால் பெட்ரோல் திறந்ததும் சாடியின் மூக்கு வழியாகச் சொட்டத் தொடங்கியது. எஞ்சினை உதைத்தால் கரும்புகை கக்கி, இரண்டு துடிப்புத் துடித்து நின்றது. ஊசி சரியாக உட்காரவில்லை என்று நானா தீர்மானித்தார். ஊசி முனையையும் அது உட்காரும் துளையையும் மாவாக அரைத்த குருந்தக்கல் பொடி போட்டு இழைத்து இழைத்துப் பளபளக்க வைத்தார். அவ்வளவு பெரிய கைகளில் அந்த ஊசி நிலையாக நின்றதைப் பார்க்கவே நன்றாயிருந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி சொட்டியது.

டிஸ்பென்சர் எழுந்து வீட்டுக்குள் போனார். தகரப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து, வெள்ளிக்கிழமை கிழிந்த கோட்டைத் தைக்க எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டிய எதுக்கு இழுக்குறீங்க?"

"இல்ல, சும்மா. ரெண்டு சட்டை எடுத்து வைக்கலாம்னு."

"மூடி வைங்க. நாளைக்கு எனக்கு நாலாம் வகுப்புக்குப் பின்னக்கணக்கு இருக்கு. நான் எங்கயும் வரல."

அதைச் சொன்ன வேகத்தில் கோட்டை உதறினார். பையிலிருந்து ஓட்டுச்சில்லு படியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆசாரி வீட்டுச் சில்லுல்ல? எதுக்கு உங்ககிட்ட?"

உள்ளே இருந்து டிஸ்பென்சர் விவரம் சொன்னார். டீச்சரம்மா ஊசியைக் கோட்டிலேயே குத்திவிட்டு எழுந்தார். நானாவின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"நானா, அந்த மிதவையக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு தங்கச்சி?"

"நிறுத்துப் பாக்கத்தான்."

முற்றத்தின் மறுபக்கம் ஆசாரி வீட்டுப் பின்வாசல். ஆசாரியின் மனைவி தராசைத் தூக்கிப் பிடித்தார். ஒரு தட்டில் சில்லு, மறு தட்டில் மிதவை. மிதவை 'டக்'கென்று கீழே போய் உட்கார்ந்தது. சில்லோடு மஞ்சாடியை ஒவ்வொன்றாக வைத்தார். கை நிறைய வைத்த பிறகுதான் முள் அசைந்தது.

எழும்ப வேண்டியது கனத்துப்போனால் தாழ்ந்துதான் மிதக்கும், ஊசி தாமதமாகத்தான் அடைக்கும் என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. நானாவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"நீங்க அன்னைக்கு நிறுக்கும்போது உள்ள பெட்ரோல் இருந்திருக்கும்."

"இருந்திருந்தா அன்னைக்குத்தானே நானா கனத்திருக்கணும்?" என்றார் ஆசாரியின் மனைவி.

நானா தலையில் தட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தார். "அல்லாவே! கொதிகலனுக்குப் போடுறத கொசுவுக்குப் போட்டுட்டேன்." தொழிற்சாலையில் தடித்த பற்றுத்தான் நல்ல பற்று. அங்கே எந்தக் குழாயும் மிதக்க வேண்டியதில்லை.

"மெல்லிசாப் போட முடியுமாக்கா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

கேட்டது ஆசாரியை அல்ல, அவர் மனைவியை. ஆசாரிக்குக் கண் மங்கத் தொடங்கிச் சில காலம் ஆகியிருந்தது. நுணுக்கமான பற்றவைப்பெல்லாம் மனைவியின் கை. கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை.

"இது தாலிக்குண்டு மாதிரிதான். உள்ள வெத்து, வெளிய தோலு," என்றார் அந்த அம்மாள். கணவரைப் பார்த்தார்.

ஆசாரி வாசற்படியில் குறுக்கே நின்றார். "ஈயம் இந்தப் படியத் தாண்டாது."

"தாண்ட வேணாம். நான் தாண்டுறேன்."

"படிக்கு வெளிய என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. நான் பாக்கல."

"பாக்காதீங்க."

கிணற்றடியில் ஒரு கூரையோட்டைப் போட்டு, பழைய சட்டியில் கரி மூட்டினார்கள். பட்டறைக் கருவி ஒன்றும் வெளியே வரவில்லை. தேய்ந்து மூலையில் கிடந்த ஓர் ஊதுகுழலும், துணி வெட்டும் கத்தரியும், ஒரு துருப்பிடித்த கத்தியும் மட்டும் வந்தன. முதலில் மிதவையைக் கரிமேல் காட்டி, ஈயம் கலங்கியதும் ஓட்டின்மேல் ஒரு தட்டு. நானாவின் மோதிரம் உருகி விழுந்தது. அடிமூடி தனியே வந்தது. மிச்ச ஈயத்தை அந்த அம்மாள் கத்தியால் சுரண்டினார், பித்தளை தெரியும்வரை.

படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தக் குழிய எடுக்காம மூடிடாத. குழி இருந்தா உள்ள காத்து குறையும்."

பார்க்கமாட்டேன் என்றவர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இறங்கியும் வந்துவிட்டார். சுரண்டிச் சுத்தமான மிதவையை வாங்கி, ஒரு பழைய இரும்புக் கம்பியின் முனையைக் கல்லில் உருட்டித் தேய்த்து, அதை உள்ளே விட்டு, வெளியே கட்டைவிரலை அணைகொடுத்து அழுத்தினார். கண்ணால் அல்ல, விரலால்தான் பார்த்தார். குழி மெல்ல மெல்ல எழும்பி நிமிர்ந்தது. நகத்தை ஓடவிட்டு, எங்கும் தட்டவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்புதான் கொடுத்தார்.

பிறகு நடந்ததை நான் மூச்சடக்கிப் பார்த்தேன். நானாவின் ஈயத்தில் ஒரு துளியை அந்த அம்மாள் அவருடைய சுத்தியலாலேயே தட்டி வெற்றிலைபோல் ஆக்கினார். கத்தரியால் நொய்யரிசி அளவில் நறுக்கினார். அடிமூடியைப் பொருத்தி, ஈயம் ஓடிப் பிடிக்க விளிம்பில் குங்கிலியப் பொடி தூவி, அந்த நொய்களைச் சீரான இடைவெளியில் வைத்தார். கடைசியாகக் கோணி ஊசியால் அடிமூடியில் ஒரு துளை போட்டார்.

நானா பதறிவிட்டார். "இருக்குற ஓட்டைய அடைக்கச் சொன்னா புது ஓட்டை போடுறீங்களே!"

"உள்ள காத்து சூடாகும் நானா. அதுக்கு வழி விடலன்னா பத்து வச்ச இடத்த ஊதித் தள்ளிட்டு வெளிய வரும். குண்டு செய்யிறப்ப இப்பிடித்தான்."

நானா குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். "அப்ப நேத்து எனக்கு நாலு தடவ பிச்சுக்கிட்டு வந்தது அதனாலதானா? அதுக்குத்தான் மேல மேல போட்டேன்."

தேங்காயெண்ணெய் விளக்கின் சுடரை ஊதுகுழல் வழியாக அந்த அம்மாள் மிதவையின் விளிம்புக்கு அனுப்பினார். கன்னம் உப்பியே இருந்தது, மூச்சு மூக்கால் உள்ளே போய் வாயால் வெளியே வந்துகொண்டிருந்தது, சுடர் ஒருமுறையும் அறுபடவில்லை. தகடு மிக மெல்லியது. சுடர் ஓரிடத்தில் தங்கினால் நெளிந்துவிடும், அதற்கு மாற்று இல்லை. டீச்சரம்மா கைகளைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றார். நொய்கள் ஒவ்வொன்றாக வியர்த்து, பளிச்சென்று மின்னி, விளிம்புக்குள் ஓடி மறைந்தன. ஒரு நூலிழைக் கோடு மட்டும் மிஞ்சியது. அந்த அம்மாள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். மிதவை ஆறிய பிறகு ஊசித்துளைக்கு மேல் கடைசி நொய்யை வைத்து, ஒரே ஊதலில் மூடினார்.

எல்லோரும் தராசுக்கு வந்தோம். சில்லும் மிதவையும் ஏறக்குறைய நேராக நின்றன. மிதவைப் பக்கம் மட்டும் ஒரு சாய்வு. சில்லோடு ஒரு மஞ்சாடி வைத்ததும் அது தீர்ந்தது.

"இதுக்கு மேல சுரண்டினா ஓரம் விட்டுரும்," என்றார் அந்த அம்மாள்.

"தொடாதீங்க. அந்த ஒரு மஞ்சாடிய நான் பாத்துக்கிறேன்," என்றார் நானா.

இப்போது அவருடைய முறை. ஒரு சட்டி கொதிநீர் கேட்டு மிதவையை அதில் அமிழ்த்தினார். ஓட்டை இருந்தால் உள்ளே சூடேறும் காற்று குமிழியாக வெளிவரும். நாங்கள் எல்லோரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். ஒரு குமிழியும் வரவில்லை. பிறகு ஊசியைப் பிடித்திருந்த சிறு வளையத்தைத் தளர்த்தி, ஒரு மயிரிழை நகர்த்தி இறுக்கினார். மிதவை அந்த ஒரு மஞ்சாடியளவு தாழ்ந்து நின்றாலும் ஊசி உரிய இடத்தில் அடைக்க வேண்டும் என்பது கணக்கு. எந்த அளவுகோலும் இல்லாமல், பெட்ரோல் மட்டம் சாடியில் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து, திரும்பக் கழற்றி, இன்னும் ஒரு இழை நகர்த்தினார். பெட்ரோல் நின்றது. சாடியின் மூக்கில் ஒரு துளி எட்டிப்பார்த்தது, விழவில்லை.

டிஸ்பென்சர் உதைத்தார். வண்டி இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கோழிகள் மதிலேறின. ஆசாரி காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். நானா இரு கைகளையும் தூக்கினார். டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"முற்றத்துல ஓடுனா போதாது. பெரட்டுல நிக்கணும்," என்றார். போய்க் கோட்டுக் கிழிசலைத் தைத்து முடித்தார்.

ஆசாரியின் மனைவி கரியையும் கத்தியையும் கத்தரியையும் அந்தக் கூரையோட்டையும் வாரிக் குழியில் கொட்டிப் புதைத்தார். கணவர் மேற்பார்வை பார்த்தார். பிறகு கிணற்றில் இறைத்து முழங்கைவரை கழுவிக்கொண்டுதான் இருவரும் படியேறினார்கள்.

திங்கட்கிழமை பாங்கு கேட்டபோது நான் விழித்துத்தான் இருந்தேன். மூடுபனியில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. இருமல் கேட்டது, பிறகு சீரான துடிப்பு. பின்னால் கேரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு நானா உட்கார்ந்திருப்பார். "ஐயா, மெதுவா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!" என்ற குரல் வீதியில் போய்க்கொண்டிருந்தது. சத்தம் ஏற்றத்தில் மெலிந்தது, நிற்கவில்லை. பொழுது நன்றாக விடிந்த பிறகு டீச்சரம்மா குடையும் புத்தகங்களுமாகக் கடைவீதியைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார். எதிரே வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார். நடை வழக்கத்தைவிடச் சற்று வேகமாயிருந்தது, அவ்வளவுதான்.

மாலையில் வண்டி அதே சத்தத்தோடு திரும்பியது. டிஸ்பென்சர் பெரட்டுக்கு நேரத்தில் போயிருந்தார். துரை வண்டியைப் பார்த்தாராம், அவரைப் பார்த்தாராம், "நல்லது," என்று மட்டும் சொன்னாராம். சாவியைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

டிஸ்பென்சர் கோட்டுப் பையிலிருந்து சில்லை எடுத்து ஆசாரியின் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்காமல், பின்னால் நின்றிருந்த டீச்சரம்மாவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. சாமான் சரியா வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சுக்கா. ஒரு மஞ்சாடி கூட."

"அது கூலியில கழியாது, சொல்லிட்டேன்," என்றார் ஆசாரி உள்ளே இருந்து.

டீச்சரம்மா சிரித்தார். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஆசாரியின் மனைவி சில்லை வாசற்படியில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். சில்லு மூன்று துண்டாகத் தெறித்தது. டீச்சரம்மா குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டார். மறுநாள் நாலாம் வகுப்பில் டீச்சரம்மா மூன்று ஓட்டுத் துண்டுகளை வைத்துப் பின்னக்கணக்குச் சொல்லிக்கொடுத்ததாக, அங்கே படித்த பெண்ணொருத்தி பிற்பாடு எனக்குச் சொன்னாள்.